மாட்டுக் கடனில் எழும்பிய சுவர்கள்

பாஞ்சாலையின் வீட்டுக்கு வாசற்படி இருந்தது. படிக்கு மேல் நிலை இருந்தது. நிலைக்கு மஞ்சள் குங்குமம், ஜன்னலுக்குக் கம்பி, கொல்லைப்புறம் போக ஒரு வழி எல்லாம் இருந்தன. கூரை மட்டும் இல்லை.

ஆரணிக்குப் பக்கத்து முள்ளிப்பட்டில் இதை ஒரு குறையாக யாரும் சொல்வதில்லை. "லிண்டல் தாண்டிடுச்சா?" என்று கேட்பார்கள். சுவர் ஜன்னல் உயரத்தைத் தாண்டிவிட்டது என்றால் அது வீடுதான். அங்கே வீடு கட்டுவது ஆறு மாத வேலை அல்ல, ஓர் ஆயுளின் வேலை. முப்பது வயதில் அஸ்திவாரம் தோண்டுகிறவன் நாற்பதில் சுவர் எழுப்புவான், ஐம்பதில் மேல்தளம் போடுவான். பூச்சு வேலையைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவான். ஊரில் பாதி வீடுகள் செங்கல் தெரிய நிற்பதைப் பார்த்து, வெளியூர்க்காரர் ஒருவர் அதை ஒரு பாணி என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனாராம்.

பாஞ்சாலைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அவர்களுடைய பழைய மண்வீடு இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவளும் புருஷன் ஜெயச்சந்திரனும் பக்கத்திலேயே ஒரு தகர ஷெட்டில் இருந்தார்கள். ஷெட்டில் முக்கால் இடம் தறிக்கு. ஆரணி சம்பந்தம் முதலாளி கொடுக்கும் பட்டு நூலை நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிற குடும்பம். தறி நனைந்தால் சோறு நனைந்த மாதிரி. அதனால் தறிக்கு நல்ல இடம், மனிதர்களுக்கு மிச்ச இடம்.

அதுவும் பரவாயில்லை என்றுதான் இருந்தாள். ஆனால் ஒரே மகள் எழிலரசியைத் தேவிகாபுரத்தில் கொடுத்திருந்தது. இப்போது அவள் முழுகாமல் இருந்தாள். கார்த்திகையில் பிரசவம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். அதில் பேச்சே கிடையாது. சம்பந்தியம்மா காசியம்மாள் வந்தாள். ஷெட்டுக்குள் ஒருமுறையும் சுவர்களுக்குள் ஒருமுறையும் எட்டிப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பச்சக் கொழந்தய இந்தத் தகரத்துக்கு அடியில எப்பிடிங்க விடறது? மேல தளம் போட்டுட்டு ஒரு போன் போடுங்க. நானே கூட்டியாந்து வுடறேன்."

"போட்டுடுவோங்க. ஆடி வந்தா அடுத்த சுத்து லோனு வருது. ஒரே மூச்சுல போட்டுடுவோம்" என்றாள் பாஞ்சாலை.

அந்த லோன் எந்தப் பெயரில் வருகிறது என்று காசியம்மாள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பாள். தேவிகாபுரத்திலும் அதே கதைதான்.

கதை இதுதான். சுவர் எழுப்புவதற்கு முன் ஜெயச்சந்திரன் முறையாக ஒரு வங்கிக்குப் போனார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை, பிளாஸ்டிக் பையில் ரேஷன் கார்டு முதல் எல்லாம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"சம்பளச் சான்று இருக்குங்களா?"

"தறிங்க. கூலி."

"வருமான வரி கட்டின ரசீது?"

ஜெயச்சந்திரன் சிரித்தார். மேலாளரும் சிரித்தார்.

"சரி, மனைப் பட்டா யார் பேர்ல இருக்கு?"

"எங்கப்பா தங்கவேலு பேர்லங்க."

"அவர ஒரு தடவ வரச் சொல்லுங்களேன்."

"அவரு செத்து பதினோரு வருசம் ஆச்சுங்க."

மேலாளர் கணினியைப் பார்த்தார். அதில் செத்தவர்களுக்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது. "அப்ப அவரால கையெழுத்துப் போட முடியாது, இல்லையா?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

இதே வருஷத்தில்தான் ஜெயச்சந்திரனின் தம்பி அன்புச்செல்வன் கூடுவாஞ்சேரியில் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கினான். ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் அவன் மேற்பார்வையாளன். அவன் எந்த வங்கிக்கும் போகவில்லை. வங்கிகள் அவனைத் தேடி வந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி போன் செய்து எட்டரை சதவீதம் என்பாள், மாலைத் தேநீருக்கு இன்னொருத்தி கூப்பிட்டு எட்டேகால் என்பாள். இருபத்தெட்டு லட்சம், இருபது வருஷம். ஒரே தாய் வயிற்றில் பிறந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். நடுவில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்தவுடன் ஒருவன் நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளன், இன்னொருவன் 'பரிசீலிக்கிறோம்'.

முள்ளிப்பட்டில் பரிசீலிக்காமல் கொடுப்பது குழு லோன் ஒன்றுதான். பத்துப் பெண்கள் ஒரு குழு. ஒருத்தி தவறினால் ஒன்பது பேர் கட்ட வேண்டும். வட்டி இருபத்தைந்துக்குப் பக்கம். ஆனால் அந்தக் கம்பெனி வீட்டுக்குக் கொடுக்காது. வருமானம் தரும் தொழிலுக்குத்தான் கொடுக்கும். வீடு வருமானம் தராது, மாடு தரும். எனவே மாடு.

குழுத்தலைவி முனியம்மாளிடம் நிஜமாகவே ஒரு மாடு இருந்தது. கறுப்பு வெள்ளைச் சீமைப்பசு. அந்தத் தெருவிலேயே அதிகமாகப் போட்டோ எடுக்கப்பட்ட ஜீவன் அதுதான். கடன் வாங்குகிற பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும், வசூல் சார் ராமதாஸ் செல்போனில் படம் எடுப்பான். ஒருத்திக்கு மாட்டுக்குப் பொட்டு வைப்பார்கள், அடுத்தவளுக்கு அழிப்பார்கள், மூன்றாமவளுக்குக் கழுத்தில் மணி கட்டுவார்கள். மாட்டுக்கே பழகிப் போய், ராமதாஸின் பைக் சத்தம் கேட்டால் தானாகவே சுவரோரமாகப் போய் நிற்கும்.

பாஞ்சாலை இரண்டு சுற்று மாடு வாங்கியிருந்தாள். முதல் மாடு அஸ்திவாரமானது. இரண்டாம் மாட்டோடு, சம்பந்தம் முதலாளி கொடுத்த அட்வான்ஸும் அவள் கம்மலும் சேர்ந்து சுவரானது. இரண்டையும் ஒரு வாரமும் தவறாமல் கட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாம் மாடு, ஒரு லட்சம், ஆடியில் வரும். அது கூரை.

சித்திரை வெயிலில் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் தொடுதிரை டேப், முகமெல்லாம் வேர்வை. கலசப்பாக்கத்துப் பெண், பெயர் சங்கீதா. 'குடும்ப நிதி ஆய்வு மையம்' என்று சென்னையில் இருக்கிற ஏதோ ஒன்றுக்காகக் கணக்கெடுக்க வந்திருந்தாள்.

அந்தக் கணக்கு எதற்கு என்பது பாஞ்சாலைக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒரு கூட்டுறவு நிதி அமைப்பு, பட்டா சிக்கல் உள்ள குடும்பங்களுக்கும் குறைந்த வட்டியில் வீட்டுக் கடன் கொடுக்க நினைத்தது. எந்த ஊரில் மக்கள் வீட்டுக்காகக் கடன் வாங்குகிறார்கள், எங்கே வாங்குவதில்லை என்று பார்த்துச் சொல்லும்படி மையத்தைக் கேட்டிருந்தது. ஆனால் நோக்கத்தைச் சொல்லக் கூடாது என்று சங்கீதாவுக்கு உத்தரவு. நோக்கம் தெரிந்தால் மக்கள் பொய் சொல்வார்கள் என்பது மையத்தின் இயக்குநர் முனைவர் நெடுஞ்செழியனின் சித்தாந்தம். நோக்கம் தெரியாவிட்டால் இன்னும் பதறிப்போய்ப் பொய் சொல்வார்கள் என்பது அவர் படித்த புத்தகங்களில் இல்லை.

"கடன் ஏதாச்சும் இருக்குங்களாக்கா?" என்று சங்கீதா கேட்டாள்.

கடன் என்ற சொல் காதில் விழுந்தால் முனியம்மாள் மூன்றாம் தெருவிலிருந்தும் வருவாள். அன்று பக்கத்து வீட்டிலேயே இருந்தாள்.

"எந்தக் கம்பெனிம்மா நீ?"

"கம்பெனி இல்லங்க. ஆய்வு."

"ஆய்வுன்னா இன்னா, செக்கிங்கா?"

"செக்கிங் இல்லங்கம்மா, சும்மா கேட்டு எழுதிகினு போறதுதான்."

"டேப்ப வெச்சிகினு வந்தா அது செக்கிங்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, முனியம்மாள் பாஞ்சாலையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"குழு லோனு கீதும்மா" என்றாள் பாஞ்சாலை.

"எதுக்காகக்கா வாங்கினீங்க?"

சங்கீதாவின் முதுகுக்குப் பின்னால் நான்கு சுவரும் நின்றன. பாஞ்சாலைக்கு அவற்றைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. முனியம்மாளின் கட்டைவிரல் அவள் பாதத்தை அழுத்தியது.

"மாட்டுக்கு."

"எத்தினி மாடுங்க?"

"ரெண்டு."

"எங்கக்கா, காணம்?"

"மேயப் போயிருக்குது" என்றாள் முனியம்மாள்.

"ரெண்டுமா?"

"ஒண்ண மட்டும் தனியா அனுப்பினா பயப்படும்மா."

ஷெட்டுக்குள் தறிச் சத்தம் நின்று, ஜெயச்சந்திரன் இருமுவது கேட்டது. அது இருமல்தானா என்று சொல்ல முடியாது.

சங்கீதா சுவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "வீடு கட்டிகினு இருக்கீங்களே, இதுக்குக் கடன் எதுவும் வாங்கலையா?"

"இல்லம்மா. எங்க ஒழப்பு."

"தறி முதலாளிகிட்ட?"

"அது அட்வான்ஸும்மா. கடன் இல்ல."

இதில் பாஞ்சாலை பொய் சொல்லவில்லை. முதலாளியிடம் வாங்குவதைக் கடன் என்று சொல்லும் வழக்கமே அந்த ஊரில் கிடையாது. சொன்னால் முதலாளிக்கு அவமானம், வாங்கினவருக்கு அதைவிட அவமானம்.

அந்த நேரம் பார்த்து முனியம்மாளின் மாடு கத்தியது. அவள் தண்ணீர் காட்டப் போனாள். சங்கீதா டேப்பை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நெசமா மாடுதானா? நீங்க இன்னா சொல்றீங்களோ அத்தத்தான் நான் போடுவேன். யாருக்கும் பேரு போவாது."

பாஞ்சாலைக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. எழிலரசி வயதுதான் இருக்கும். வூட்டுக்குத்தாம்மா என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். ஆனால் குழுவில் மற்ற ஒன்பது பேரும் மாடு என்றுதான் சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்லப்போகிறார்கள். இவள் ஒருத்தி வீடு என்று சொல்லி, அது எங்கேயோ போய், கம்பெனியில் கேட்டு, பத்துப் பேருடைய லோனும் நின்றால்? ஆடி மாசத்து ஒரு லட்சம்? கூரை?

"மாடுன்னே போடும்மா" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் முப்பத்தொரு மாடுகள் டேப்பில் ஏறின. தெருவில் ஒன்று நின்றது.

ஆடி பிறந்து பத்து நாளில் சமுதாயக் கூடத்தில் கூட்டம் என்று தண்டோரா போடாத குறையாகச் சொன்னார்கள். ஆய்வின் முடிவை மக்களிடமே கொண்டுபோய்ச் சொல்வது மையத்தின் உயர்ந்த நெறியாம். தேநீரும் போண்டாவும் உண்டு என்று முனியம்மாள் சேர்த்துச் சொன்னதால் கூட்டம் நிரம்பியது. கூடத்துக்கு ஏற்பாடு செய்து கொடுத்தது குழு லோன் கம்பெனிதான் என்பதால், ராமதாஸும் கடைசி வரிசையில் கைகட்டி நின்றான்.

முனைவர் நெடுஞ்செழியன் கதர்ச் சட்டையில் வந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். பாமர மக்களிடம் பேசும்போது எளிமையாகப் பேச வேண்டும் என்ற கொள்கை உடையவர். ஆகையால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொன்னார், இரண்டாம் முறை இன்னும் கடினமாக.

சுவரில் தமிழ்நாட்டின் வரைபடம் விழுந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் கருநீலம். சென்னையைச் சுற்றிலும் கருநீலம். மதுரையில் கொஞ்சம் வெளிர் நீலம். ஆரணி இருக்கிற பக்கம் பளிச்சென்று வெள்ளை.

வெள்ளை என்றால் நல்லதுதான் போலிருக்கிறது என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள்.

"நீலம் என்றால் குடும்பங்கள் வீட்டுக்காகக் கடன் வாங்குகிற பகுதி" என்றார் நெடுஞ்செழியன். "வெள்ளை என்றால் அந்த மனநிலை உருவாகாத பகுதி. இங்கே நாங்கள் சந்தித்த குடும்பங்களில் வீட்டுக்காகக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பூஜ்யம்! இது எவ்வளவு அழகான விஷயம்! இங்குள்ளவர்கள் சிக்கனவாதிகள். இருப்பதைக் கொண்டு சிறுகச் சிறுகக் கட்டுகிறார்கள். இவர்களுடைய ஈடுபாடெல்லாம் கால்நடை மீது. இதை நான் கால்நடைசார் பொருளாதாரப் பண்பாடு என்று அழைக்கிறேன்."

அழைத்துவிட்டு, தாமே ரசித்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். முன்வரிசையில் சங்கீதா மடிக்கணினியில் அடுத்த படத்தைத் தள்ளினாள். தலை நிமிரவில்லை.

பிறகு அந்த விஷயத்தைச் சொன்னார். கூட்டுறவு அமைப்பின் வீட்டுக் கடன். எட்டு சதவீதம். பட்டா அப்பா பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, வாரிசுச் சான்று போதும். சம்பளச் சான்று வேண்டாம். நின்றுபோன வீடுகளுக்குக் கூரை போட முன்னுரிமை. இது நீல மாவட்டங்களில் வரும் மாதம் ஆரம்பமாகிறது. தேவை இல்லாத இடத்தில் கடனைத் திணிப்பது அறம் அல்ல என்பதால் இந்தப் பகுதிக்கு வேறொரு நல்ல செய்தி. வரும் வெள்ளிக்கிழமை கால்நடை மருத்துவ முகாம். கலந்துகொள்ளும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தாது உப்புப் பொட்டலம் இலவசம்.

கை தட்டுங்கள் என்று யாரோ சொன்னார்கள். தட்டினார்கள்.

பாஞ்சாலை தட்டவில்லை. எட்டு சதவீதம், அப்பா பெயர், கூரை என்ற மூன்றும் அவள் காதில் தனித்தனியாக விழுந்து, கொஞ்சம் நேரம் கழித்து ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்தபோது எழுந்து நின்றுவிட்டாள். முனியம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருடி."

"ஐயா" என்றாள் பாஞ்சாலை.

"சொல்லுங்கள் தாயே. மைக்கைக் கொடுங்கள்."

மைக் வந்தது. அவள் குரல் கூடமெல்லாம் கேட்டது. அவளுக்கே அது வேறு யாருடைய குரலோ போலிருந்தது.

"எங்ககிட்ட மாடு இல்லிங்க. நாங்க வாங்கினது பூரா வூட்டுக்குத்தான். இந்தத் தெருவுல எல்லாருமே வூட்டுக்குத்தான் வாங்கியிருக்கோம். மாடுன்னு சொன்னாத்தான் துட்டு குடுப்பாங்க, அதுக்கோசரம் சொன்னோம். அத்த மாத்தி எழுதிக்குங்க ஐயா. எங்களுக்கும் அந்த எட்டு வட்டிக் கடன் வேணும்."

நெடுஞ்செழியனின் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. அதைப் பயம் என்று சொல்வது அவருடைய பதவிக்கு மரியாதையாக இருக்காது. முப்பத்திரண்டு மாவட்டங்கள், ஒரு வருஷ வேலை, அச்சாகிவிட்ட அறிக்கை.

"அம்மா, உங்கள் தனிப்பட்ட அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அனுபவம் வேறு, புள்ளிவிவரம் வேறு. சரி, கேட்டுவிடுவோம். இந்த அம்மாவைப் போல வேறு யாராவது வீட்டுக்காக வாங்கியிருக்கிறீர்களா? கை தூக்குங்கள்."

பாஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். குழுவின் ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி போண்டாவைப் பிட்டாள். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். முனியம்மாள் தரையைப் பார்த்தாள். எல்லோருடைய முதுகுக்கும் பின்னால், கடைசி வரிசையில், ராமதாஸ் நின்றுகொண்டிருந்தான்.

ஒரு கையும் எழவில்லை.

"பார்த்தீர்களா?" என்றார் நெடுஞ்செழியன், கனிவாக.

வெளியே வரும்போது சங்கீதா ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டனே!"

"நீ எதுக்குக் கேக்கறன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றாள் பாஞ்சாலை.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல், பாஞ்சாலை கையில் தாது உப்புப் பொட்டலம் ஒன்றை யாரோ திணித்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராமதாஸ் வந்தான். வாரத் தவணையை வாங்கி எண்ணிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பைக்கிலிருந்து இறங்காமலே சொன்னான்.

"அக்கா, நான் ஒங்களுக்கு விரோதி இல்ல. ஆனா நீங்க மைக்குல சொல்லிட்டீங்க. எங்க மேனேஜர் வரைக்கும் போயிடுச்சு. மூணாவது சுத்து ஒங்களுக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க."

"எங்ககிட்ட மாடு இல்லன்னு ஒனக்குத் தெரியாதா தம்பி? போட்டோ புடிச்சதே நீதான?"

"புடிச்சேன். போட்டோவுல மாடு இருந்துச்சேக்கா."

சட்டப்படி அவன் சொன்னது சரி.

குழுவில் மற்றவர்களுக்கும் இரண்டு வாரம் நிறுத்தி வைத்தார்கள். விசாரணை என்றார்கள். மறுபடியும் படம் எடுத்தார்கள். மாடு மறுபடியும் சுவரோரம் போய் நின்றது. ஒன்பது பேருக்கும் பணம் வந்தது, பாஞ்சாலைக்கு வரவில்லை. குழாயடியில் முனியம்மாள் குடத்தை நகர்த்திக்கொண்டு சொன்னாள். "நல்ல பேஜார் பண்ணிட்டடி. ஒனக்கு ஒண்ணுன்னா நாங்க கட்டறம், எங்களுக்கு ஒண்ணுன்னா நீ கட்டற. அதுக்குத்தான குழு? நீ எழுந்து நின்னு வேற ஆளுகிட்ட வேற கடன் கேக்கற."

"ஒனக்கும் சேத்துத்தான கேட்டேன்?"

"யாரு கேக்கச் சொன்னா?" என்றாள் முனியம்மாள். ஆனால் குரலில் வேகம் இல்லை. அவள் வீட்டிலும் ஒரு பக்கம் இன்னும் தார்ப்பாய்தான்.

ஆவணி பிறந்தது. எழிலரசி போனில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் பாஞ்சாலையை அறுத்தது. முன்பெல்லாம், "யம்மா, எப்ப தளம்?" என்று கேட்பாள். இப்போது, "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்புச்செல்வனும் அவன் மனைவி சுபலட்சுமியும் காரில் வந்தார்கள். ஷெட்டில் உட்கார இடமில்லாமல், கூரையில்லாத வீட்டுக்குள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மேலே மேகம் போய்க்கொண்டிருந்தது. அன்புச்செல்வன் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"நல்ல கட்டுண்ணா. இத்தப் போயி மழையில வுட்டு வெச்சிருக்கியே. எனக்கு இருக்கற வீட்டுக் கடன்மேல இன்னொரு அஞ்சு லட்சம் தர்றேன்னு பேங்குல தெனம் கூப்புடறான். ஒம்பது வட்டி. ஒரு கையெழுத்துதான், நாலு நாள்ல வந்துடும். தளம் போட்டு, பூசி, பாத்ரூம் வரைக்கும் முடிச்சிடலாம். எழிலு பிரசவத்துக்கு டைல்ஸ் தரையில படுக்கட்டும்."

ஜெயச்சந்திரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். பாஞ்சாலை சுபலட்சுமியைப் பார்த்தாள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று அந்த முகத்தில் தெரிந்தது.

"தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா" என்றாள் சுபலட்சுமி. நிஜமாகவே சங்கடப்பட்டாள். "பதினெட்டு வருஷம் மாசாமாசம் நாங்கதான் கட்டணும். நாளைக்கு எங்களுக்கு ரெண்டு பசங்க. எடத்த இவர் பேர்ல எழுதிட்டா எல்லாருக்கும் நிம்மதி. நீங்க எங்கயும் போக வேணாம். நீங்களேதான் இருக்கப் போறீங்க. வாடகைன்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. நாங்க வந்தா தங்க மாடிக்குப் போற மாதிரி ஒரு படி மட்டும் வெச்சுக்கலாம்."

எதிர்த்துப் பேச அந்தப் பேச்சில் குற்றம் எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம். குற்றம் இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம்.

"கார்த்திகைக்குள்ள முடிஞ்சிடுமா தம்பி?" என்று பாஞ்சாலை கேட்டாள்.

"பத்திரம் முடிஞ்ச மறுநாளே ஜல்லி எறக்கிடலாம் அண்ணி."

ஆரணியில் பத்திர ஆபீசுக்கு எதிரே எழுத்தர் அருள்மணியின் கடை. விடுதலைப் பத்திரம் என்று தலைப்புப் போட்டிருந்தார். ஜெயச்சந்திரன் தன் பாகத்தைத் தம்பிக்கு விட்டுக் கொடுக்கிறார். மனசம்மதத்தோடும், எவருடைய தூண்டுதலும் இல்லாமலும். அருள்மணி இழுத்து இழுத்துப் படித்தார். கிழக்கே யார், மேற்கே யார், வடக்கே தெரு. 'இதற்குள்பட்ட காலி மனை' என்று வந்தபோது பாஞ்சாலை நிமிர்ந்தாள்.

"காலி மனையா? செவுரு கீதுங்களே?"

"இருக்குது. யாரு இல்லன்னாங்க?"

"எழுதலையே."

"செவுத்தக் காட்டினா கட்டடம்னு ஆயிடும்மா. மதிப்பு ஏறும், செலவு ஏறும், எடத்த வந்து பாக்கணும்பாங்க. எதுக்கு? கூரை இல்லாதது கட்டடமே இல்ல. காலி மனைன்னா ஜல்தியா முடிஞ்சிடும்."

ஒரு வாரமும் தவறாமல் கட்டிய இரண்டு வருஷத் தவணை, கம்மல், அட்வான்ஸுக்காக நெய்துகொண்டே இருக்கிற புடவைகள். இவையெல்லாம் கடன் வாங்கின தாளில் மாடாக இருந்தன. கைமாறுகிற தாளில் காலியாக இருந்தன. எந்தத் தாளிலும் அவை ஒரு நாளும் சுவராக இருந்ததில்லை. பாஞ்சாலை அதை இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. ஜெயச்சந்திரன் கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை நீட்டியபோது, மையைத் துடைக்கத் துணி எடுத்து வராமல் வந்துவிட்டோமே என்றுதான் யோசித்தாள். முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு சாட்சி என்ற இடத்தில் தானும் கையெழுத்துப் போட்டாள்.

அன்புச்செல்வன் வாக்குத் தவறவில்லை. ஜல்லி இறங்கியது, கம்பி இறங்கியது, தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை ஏறியது. புரட்டாசி முதல் வாரத்தில் ஒரே நாளில், காலையில் ஆரம்பித்துச் சாயங்காலத்துக்குள் கான்கிரீட் கொட்டி முடித்தார்கள். கலவை மிஷின் சத்தத்தில் தெருவே வந்து நின்று பார்த்தது. முனியம்மாளும் வந்தாள். எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள், பாஞ்சாலைக்கும்.

"எப்பிடியோ தளம் போட்டுட்டடி" என்றாள்.

"போட்டாங்க" என்றாள் பாஞ்சாலை.

காசியம்மாளுக்குப் போன் போனது. ஐப்பசி பாதியில் அழைத்து வருவதாகச் சொன்னாள். எழிலரசி போனைப் பிடுங்கிக் கேட்டாள். "யம்மா, எனக்கு எந்த ரூமு?"

"ஒனக்குப் புடிச்ச ரூமு. சித்தப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

"சரிம்மா" என்றாள் எழிலரசி.

புதுத் தளத்துக்கு மூன்று வாரம் தண்ணீர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். சிமெண்டுக் கலவையால் பாத்தி கட்டி விட்டுப் போனார். அந்த வருஷம் பார்த்துப் புரட்டாசியில் மழையே இல்லை. குழாயில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். பாஞ்சாலை குடம் குடமாக மர ஏணியில் ஏற்றிக் கொண்டுபோய் ஊற்றினாள். காலையில் பதினைந்து குடம், சாயங்காலம் பதினைந்து. இடையில் தறிக்குப் பாவு சுற்ற வேண்டும், சமைக்க வேண்டும். ஜெயச்சந்திரன் நான் ஏறுகிறேன் என்றால் விடமாட்டாள். "நீ தறியப் பாரு, அட்வான்ஸு கழியட்டும்" என்பாள்.

பன்னிரண்டாம் நாள் காலை. மேலே நின்றால் தெரு முழுக்கத் தெரிந்தது. செங்கல் சுவர்கள், துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிற தூண்கள், நீலத் தார்ப்பாய், பச்சைத் தார்ப்பாய். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கூடுவாஞ்சேரி. படத்தோடு பேசுகிற அழைப்பு.

"அண்ணி, மேலதான் இருக்கீங்களா? எங்க, ஒரு சுத்துக் காட்டுங்க."

அவள் போனை நீட்டிப் பிடித்து மெல்லச் சுற்றினாள். ஏழு பாத்தியிலும் தண்ணீர் நின்றது.

"சூப்பர் அண்ணி. நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. அந்தக் கிழக்கு மூலையில காஞ்சாப்பல தெரியுதே?"

"அங்க சரிவு தம்பி. நிக்க மாட்டேங்குது."

"பாத்துக்குங்க அண்ணி. வெடிப்பு வுட்டுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் பாத்துக்கறேன்" என்றாள்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள். குழாயில் தண்ணீர் மெலிந்துகொண்டிருந்தது. கடைசிக் குடத்தை நிரப்பித் தோளில் வைத்து மறுபடியும் ஏறினாள். கிழக்கு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரேயடியாகக் கவிழ்க்காமல், கையால் அள்ளி அள்ளி ஊற்றினாள். அது உறிஞ்சிக்கொண்டே இருந்தது.